சரி

காலை எட்டே கால். வேளச்சேரி.
கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
மின்விசிறியை ஐந்தில் வைத்தும்
ஹெட்போனுக்கு அடியில் காது வியர்க்கிறது.
அந்தக் காதுக்குள்
ரிக்ஸின் மூச்சு வாங்குகிறான்,
லாஹௌலில், இடுப்பளவு குழிக்குள் நின்று.

சொல்கிறான், எழுதுகிறேன்.
மேலே நாற்பது சென்டிமீட்டர் புதுப்பனி,
காற்று அடித்து அடித்துப் பலகையாக்கியது.
அதற்குக் கீழே ஒரு விரற்கடை.
இந்தியில் சொல்கிறான்:
"சீனி மாதிரி இருக்கு மேடம்.
பிடிச்சா கையில நிக்கல."

போன வாரம் அங்கே ஆறு இரவுகள்
வானம் துடைத்து வைத்தது போலிருந்தது.
நட்சத்திரங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்.
நானும் இதயம் போட்டேன்.
அந்த ஆறு இரவில்தான்
பனியின் மேல்தோல் சீனியாக உதிர்ந்தது.
பிறகு அதன் மேல் பெய்து மூடிவிட்டது.

தூண் ஒன்றை அறுத்து நிறுத்துகிறான்.
மண்வெட்டியின் முகத்தை அதன் தலையில் வைத்து
மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு.
ஒன்றுமில்லை.
முழங்கையிலிருந்து
ஒன்று,
இரண்டு...

"பன்னிரண்டு" என்கிறான்.
மேல்பாதி
இழுப்பறை போல வழுக்கி
அவன் மடியில் வந்து விழுந்திருக்கிறது.
தோளுக்கு வேலையே வரவில்லை.

நான் பனியைத் தொட்டதில்லை.
ஃப்ரிட்ஜின் மேலறையை
ஒருமுறை கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன்,
பட்டாணிப் பொட்டலத்தின் மேல்
அடுக்கு இருக்கிறதா என்று.
சரிவென்று இந்த ஊரில் நான் அறிந்தது
எங்கள் கார் நிறுத்தத்தின் இறக்கம்.
போனை வைத்து அளந்தேன்: ஒன்பது டிகிரி.
ரிக்ஸினின் சரிவு முப்பத்தேழு.

அடுக்கு மட்டும் தெரியும்.
கீழ்வீட்டுக் கூடத்தில்
மார்பளவில் ஓடுகிறது பழைய வெள்ளத்தின் கோடு.
ஓனர் இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டார்.
ஐப்பசி பிறந்தால்
உள்ளிருந்து பழுப்பாக எட்டிப் பார்க்கும்.
வீடு பார்க்க வருகிறவர்களிடம்
"ஈரம்தான்" என்பார்.

சரிவுக்குக் கீழே சாலை.
சாலையைத் திறக்க
இரண்டு இயந்திரம், பதினான்கு பேர்,
என் ஒற்றை எண்ணுக்காக டீ குடித்துக் காத்திருக்கிறார்கள்.
மூன்று போட்டால் போவார்கள்.
நான்கு போட்டால் இன்னொரு டீ.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
விசைப்பலகையில் இடைவெளி ஒரு நகம்கூட இல்லை.

நான்கு போட்டேன்.

அன்று சரியவில்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் ரகோத்தமன் சார் கூப்பிட்டார்:
"ரெண்டு நாள் வேஸ்ட் ஆயிடுச்சேம்மா,
மலை அப்படியேதானே நிக்குது?"

நிற்கிறதுதான்.
நிற்பது எனக்குச் சாட்சியில்லை,
அவருக்கும் இல்லை.
ஒருநாள் இடறாமல் படியிறங்கியதால்
படியில் எண்ணெய் இல்லை என்று ஆகுமா
என்று கேட்க நினைத்தேன்.
"பார்க்கிறேன் சார்" என்றுதான் வந்தது.

ரிக்ஸின் வேறிடத்தில் குழி வெட்டினான்.
பத்தொன்பது.
கொஞ்சம் இறுகியிருக்கிறது,
இல்லை, இந்த இடத்தில் மட்டும் இறுகியிருக்கிறது.
பத்தடி தள்ளி என்னவென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பனிக்குத் தெரியும் என்பதும்
நாம் சொல்லிக்கொள்வதுதான்.

போனை வைக்கும்போது எப்போதும்
"சரி" என்பான்.
என்னிடமிருந்து பொறுக்கிக்கொண்ட
ஒரே தமிழ்ச் சொல்.
அது தலையாட்டவும் ஆகும்,
ஒரு மலையை ஏவவும் ஆகும் என்று
இத்தனை நாள் சொல்லவில்லை.

இன்று சொன்னேன்.
ஒருகணம் காற்று மட்டும் கேட்டது.
பிறகு சிரித்தான்.
"அப்போ என்ன சொல்லட்டும் மேடம்?"

யோசிக்கிறேன்.
வாசலில் தண்ணீர் லாரி பின்வாங்கும் பாட்டு.
கர்சர் துடிக்கிறது,
எண் போட வேண்டிய கட்டத்தில்.

"ஒண்ணும் சொல்லாதே.
மெதுவா இறங்கு.
இறங்கினதும் கூப்பிடு."