மஃரிபுக்கு வெளியே போகிறவை

தங்கச்சிக்கு எழுதப்போகும் வீட்டில்
முதலில் குடிவந்தது அவளல்ல.

பெயின்ட் காய்ந்து மூன்று மாதம்.
முன்சுவரில், பீலிப் பலகைக்குக் கீழே
கறுத்த ஒழுக்கு,
யாரோ தேயிலைச் சாயத்தை ஊற்றியதுபோல.
அறைக்குள் மூத்திரப் புளிப்பு.
மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் வெள்ளிக்கு
இன்னும் பதினொரு நாள்.

கட்டாரிலிருந்து நான் அனுப்பிய காசு
ஓடாய், வளையாய், சீலிங் பலகையாய்
மாறி வந்ததை
வட்ஸ்அப்பில்தான் கண்டிருக்கிறேன்.
எந்தப் படத்திலும் வௌவால் இல்லை.

பூச்சி உருண்டை நாலு பக்கற்.
விடியும்வரை எரிந்த நூறு வாட் பல்ப்.
கொச்சிக்காய்ப் புகை:
நாங்கள் இருமினோம்,
அவை இருமவில்லை.
ஹார்ட்வெயார்க்காரர் ஒரு போத்தலை எடுத்து வைத்து
"அடிச்சா ஒண்டும் மிஞ்சாது" என்றார்.
உம்மா அதைத் தொடவும் விடவில்லை.
"கலியாண வீட்டு முகட்டுலயா மையத்து?"

மேசன் மஸாஹிர் என்னோடு படித்தவன்.
"பாங்கு சொல்லக்குள்ள வெளிய போகும்.
போன கையோட அடைப்பம்."

முற்றத்தில் கதிரை போட்டு எண்ணினேன்.
பள்ளி மைக் தொண்டையைச் செருமியதும்
முதலாவது விழுந்தது.
விழுந்துதான் பறக்கிறது அது,
கைதவறிய சாவிக்கொத்து
நிலத்தைத் தொடுமுன் மனம் மாறியதுபோல.
பிறகு இரண்டு, ஏழு,
பிறகு முகடு தன்னையே உதறுவதுபோல்
வெட்டாற்றுப் பக்கமும் வயற்பக்கமும்.
இருநூற்றிப் பன்னிரண்டு வரைக்கும் நான் எண்ணினேன்.
அதன்பின் நுளம்புகள் என்னை எண்ணத் தொடங்கின.

ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
அவ்வளவுதான் அவற்றின் வாசல்.
கிழிந்த வலைத்துண்டை மடித்துத் திணித்து
மேலால் சிமெந்து பூசினான் மஸாஹிர்.
கூலி இரண்டாயிரத்தைந்நூறு.
டோர்ச் பிடித்த எனக்கு ஒரு பிளேன்டீ.

சுபஹுக்கு முன் சீலிங்குக்கு மேலே சத்தம்.
எலியில்லை.
பீங்கானில் ஈரவிரல் தேய்ப்பதுபோல
மெல்லிய, ஓயாத கீச்சு.
வெளியே சுவரைச் சுற்றிச் சிறகுகள்.
அடைத்த இடத்தில் மோதி நழுவி
மறுகா மோதி.
ஒன்று சிமெந்தில் தொற்றிக்கொண்டு
நகத்தால் சுரண்டியது.

தலையில் சால்வையை இழுத்துக்கொண்டு
ஜெஸீமா வந்தாள்.
கழுத்து வலிக்குமட்டும் அண்ணாந்து பார்த்தாள்.
"காக்கா, உள்ளுக்க குஞ்சு கிடக்கு.
வெளிய நிக்கிறதெல்லாம் உம்மாமார்."

கரண்டி தேட நேரமில்லை.
ஏணியில் ஏறிக் கையால் தோண்டினேன்,
இறுகாத சிமெந்து நகக்கண்ணில் எரிந்தது.
வலை நுனி வெளியே வர
என் காதை உரசி உள்ளே போயிற்று ஒன்று.
உரசியது காற்று மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள்.
சாம்பிராணி, புதுத் திரைச்சீலை,
வட்டிலப்பம்.
மாப்பிள்ளையின் உம்மா ஒழுக்கைப் பார்த்தா,
பிறகு என்னைப் பார்த்தா.
நிக்காஹ் நாளை ஆறு கிழமை தள்ளக் கேட்டேன்.
ஏன் என்றார்கள்.
என் நாக்கு சீலிங்கில் ஒட்டிக்கொண்டது.
திரைக்குப் பின்னால் இருந்து
அவளே சொன்னாள்:
"குஞ்சு பறக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை.
கோப்பைக்குள் கரண்டி ஒன்று
நெடுநேரம் சுற்றியது.
"சரி, ஆறு" என்றார் ஒருவர்,
மாப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

என் லீவு அதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் வீட்டைக் கட்டுவது ஆண்,
இருப்பது பெண்.
ஆண் வௌவால்கள் எங்கே என்று
எயார்போர்ட் போகும் வேனில் கேட்டேன்.
"அதுகள் வேற எங்கயோ தொங்கும்" என்றான் மஸாஹிர்.
தோஹாவில் எங்கள் அறையில் எட்டுப் பேர்,
இரட்டைத்தட்டுக் கட்டில் நாலு.
மேல்தட்டு எனக்கு.

நேற்று ஒரு வீடியோ, நாற்பது விநாடி.
முழு இருட்டு. பள்ளி மைக்கின் செருமல்.
அவள் குரல் எண்ணுவதற்குக் காத்திருந்து
எண்ணாமலே நிற்கிறது.
கீழே எழுதியிருந்தாள்:
"ஒண்டுமே வரல்ல காக்கா. அடைக்கட்டா?"

ஓம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
"இன்னும் ஒரு மஃரிப் பாரு."