பதினேழாம் குழாய்

ஜனவரியில் ட்ரோண்ட்ஹைமில் பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் மூன்று பேரின் ரத்தத்தை ஓடவிட்டிருப்பேன்.

கண்ணாடியில் ஒரு வாய்க்கால்,
தலைமுடி கனம்தான் ஆழம்.
அடியில் செலக்டின் பூச்சு. பம்ப் முனகும்.
வெள்ளணுக்கள் வரும்.

நோயற்றவருடையவை
உருளும், உரசும்,
வாங்க ஒன்றுமில்லாமல் கடைத்தெருவைக் கடப்பவர்போல்
போய்விடும்.

மூட்டுவாதக்காரருடையவை நிற்கும்.
யாரும் கூப்பிடாத வீட்டின் முன்
சட்டைக்கையை மடித்துவிட்டு நிற்கும்.
உருண்டை தட்டையாகும்,
ஒரு கால் முளைக்கும்,
ஓட்டத்துக்குக் குறுக்கே ஊரும்
கதவு தேடி.

பத்து நொடிக்கு மேல் நின்றால் ஒன்று.
எண்ணுவதுதான் என் வேலை.

செவ்வாயன்று நோயற்றவர் ஒருவர் வரவில்லை.
பனியில் பஸ் ஓடவில்லையாம்.
எஸ்கில் என்னைப் பார்த்தான்.
கையை நீட்டினேன்.
ஒரு குழாய் ரத்தம், அதற்கு ஒரு பிஸ்கட்.
அடுத்த அறையில் போர்கில்ட் எண் ஒட்டினாள்,
எது யாருடையதென்று எங்களுக்குத் தெரியக்கூடாது.

பதினேழில் நாற்பத்தொன்று நின்றன.
"பாவம், யாரோ," என்றான் எஸ்கில்.
எழுதப் போனேன். பேனா மூடி திறக்கவில்லை.
பல்லால் திறந்தேன்,
போன வாரமும் அப்படித்தான்.
மோதிரம் நவம்பரிலிருந்து இழுப்பறையில்.
குளிர் என்று
கணவரிடம் சொல்லியிருந்தேன்,
எனக்கும்.

வெள்ளிக்கிழமை போர்கில்ட் பட்டியலை வாசித்தாள்.
பதினேழு: கன்ட்ரோல்.
"லேபிள் மாறியிருக்கும், டூருன்,
திரும்ப எடுப்போம்," எஸ்கில் அவசரமாக.

வேண்டாம் என்றேன்.

ஆறு வயதில்
உள்ளங்காலில் ஏறிய காட் மீனின் முள்ளை
மூன்று நாளில் சீழாக்கி வெளியே தள்ளினவே,
அவற்றின் வம்சம்தான் இவையும்.
அப்போது முள் இருந்தது.
இப்போது என் விரல் கணுக்களில் எதைத் தேடுகின்றன?
திரையில் பார்த்தேனே,
ஒன்றிலும் கோபம் இல்லை.
வேலைக்கு வந்தவை. அவ்வளவுதான்.

நோயற்றவர் பத்தியிலிருந்து பதினேழை
நானே அடித்தேன்.
கோடு நேராக வரவில்லை.

மாலை, நிடெல்வா பாலம்.
நடு ஆறு உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.
பனித்துண்டுகள் தூணை உரசிச் சுழன்று
கடலுக்குப் போயின.
ஒன்று மட்டும் நின்றது.

பழக்கதோஷம்.
கையுறைக்குள் விரல் மடக்க முடியாமல்
வாயாலேயே எண்ணினேன்,
பத்துவரை,
பதினொன்று.