ஆயி, பக்ஷே

கஞ்சிக்கோட்டில் டயர்க் கடைக்கு மேல் மாடி.
ஆறு பேர், ஐந்து நாற்காலி.
எல்லை தாண்டி வரும் லாரிகளுக்கு
எடைமேடைக் கணக்கு எழுதித் தருகிறோம்,
இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாக.

வெள்ளிக்கிழமை மாலை வரிசையாகக் கேட்பார்கள்.
முடிஞ்சது, என்றேன்.
கழிஞ்ஞு, என்றான் ரெஜீஷ்.
ஷைனி மட்டும் பேனா மூடியைக் கடித்தபடி
ஆயி, பக்ஷே... என்று இழுத்தாள்.
மணி ஆறு. கோவை பஸ் ஆறேகாலுக்கு.
அந்தப் பக்ஷேயை யாரும் கேட்கவில்லை.
அட்டையை வலது ஓரம் ஒட்டிவிட்டு இறங்கினேன்.

முடிஞ்சது என்று நான் சொன்னதன் பொருள்
என் மடிக்கணினியில் ஓடியது.
ரெஜீஷுக்கு, அவன் பங்கு
அவன் கையைவிட்டுப் போனது.
ஒரே சுவர், ஒரே பத்தி,
அதில் ஆறு விதமான முடிவுகள்.

ஞாயிறு இரவு வேலந்தாவளத்தில் கரன்ட் போய் வந்தது.
எடைமேடை கண் விழித்தபோது
மொத்த எடையை மறந்திருந்தது.
கிணத்துக்கடவுத் தக்காளி எட்டு டன்.
சீட்டில் அச்சானது:
நிகரம், கழித்தல் ஐயாயிரத்து நூறு கிலோ.

ஓட்டுநர் வெள்ளிங்கிரி அதைப் படமெடுத்து அனுப்பினார்.
கீழே ஒரு வரி:
தம்பி, நான்தான் அஞ்சு டன் தரணுமா?
விடியும்வரை வண்டி நின்றது.
அடிவரிசைப் பெட்டிகள் ஒழுகின.

திங்கள் காலை யாரும் யாரையும் திட்டவில்லை,
அது இன்னும் மோசம்.
அன்னைக்கு என்ன பக்ஷே, என்று கேட்டேன்.
கரன்ட் போனா என்னாகும்னு பார்க்கலை, என்றாள் ஷைனி.
அவ்வளவுதான்.

சம்பத் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டினான்.
சண்டை மதியச் சோறுவரை போனது.
எழுதியதை இன்னொருவர் படித்திருக்கணும், சரி.
சோதனை எல்லாம் பச்சை காட்டணும், சரி.
ரெஜீஷ் வேகம் என்றான்.
பூங்கோதை தக்காளி என்றாள்.
அப்புறம் அவன் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.
சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்க முடியணும் என்றதும்
எழுத்துரு யார் வாங்குவது என்று அரைமணி நேரம்.
‘கூடுமானவரை’ என்று எழுதினோம், அடித்தோம்,
மறுபடி எழுதினோம், மறுபடி அடித்தோம்.
கடைசி வரி ஷைனியின் கையெழுத்தில்:
ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தாச்சா?

அந்தத் தாளுக்குப் பெயர் வைக்கவில்லை.
ஆறு பேர் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பக்ஷேக்கள்
கோணல்மாணலாய் அதில் இருக்கின்றன.

இந்த வெள்ளி. மணி ஆறு.
எல்லாரும் பையைத் தோளில் மாட்டியாயிற்று.
என் அட்டை வலது ஓரம் இருந்தது.
கடைசி வரியைப் பார்த்தேன்.
பார்க்காததுபோல இருக்கவும் பார்த்தேன்.
பிறகு அட்டையை உரித்து
இடப்பக்கம் ஒட்டினேன்.
பசை பாதி போயிருந்தது,
கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

கீழே ஆறேகால் பஸ் ஹாரன் அடித்துக் கடந்தது.
ஷைனி பையை இறக்கி வைத்துவிட்டு
மேசைக்கடியில் குனிந்தாள்,
எந்த ப்ளக் என்னுடையது என்று தேடி.