எண்பத்தெட்டரை

கேட்காத ஒலி என்று கையேட்டில் போட்டிருக்கும்.
பொய்.
செட்டின் மூடியைக் கழற்றி
வடிகட்டிக்கு முன்னால் ஒயரைப் பற்றவைத்து
ஹெட்போனில் கேட்டிருக்கிறேன்.
வாயைத் திறக்காமல் ஒருவன்
விடாமல் ஆமோதிப்பதுபோல
ஒரு 'ம்'.
நொடிக்கு எண்பத்தெட்டரை அதிர்வு.
காதுக்கு எட்டும்,
ஸ்பீக்கருக்குத்தான் விடமாட்டார்கள்.

பேச்சுக்கு அடியில் அந்த 'ம்' வந்தால்
எதிர்முனை செட் வாய் திறக்கும்.
வராவிட்டால் யார் கத்தினாலும்
பச்சை விளக்கு மட்டும் எரிந்து அணையும்.
ஒரே அலைவரிசையில்
பூளவாடிக் காற்றாலைக்காரர்களும்
பெதப்பம்பட்டித் தேங்காய்நார் மில்லும்
ஒருவர் சண்டை ஒருவர் காதில் விழாமல்
பிழைப்பது இப்படித்தான்.

நூறை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.
கரண்டின் இரைச்சல் குடியிருப்பது நூறில்.
எவனோ மட்டமான அடாப்டர் மாட்டியிருந்தால்
அவன் இரைச்சலே நம் கதவைத் திறந்துவிடும்.

நான் சாத்தூர்க்காரி.
உடுமலையில் கடை போட்ட புதிதில்
"தக்காளி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நிற்பேன்.
கேள்வி இன்னும் முடியவில்லை என்பதுபோல
அந்தம்மா என் முகத்தையே பார்ப்பார்.
"எவ்வளவுங்க?"
தராசு அசைந்தது.
ஆமாங், சரீங், போலாங்.
அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த எழுத்து
இங்கே எல்லா வாக்கியத்துக்கும் அடியில்
மூக்கால் முனகிக்கொண்டிருந்தது.
அதற்கு என்ன எண் என்று
அளந்துபார்க்க நினைத்ததுண்டு.
அளக்கவில்லை.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள்
சிகாமணியின் செட்டுக்கு
வாங்கும் டோன் போட்டேன்.
அனுப்பும் டோன் போடவில்லை.
மேசையில் வைத்துப் பார்த்தேன், கேட்டது.
பேசிப் பார்ப்பதற்குள்
மகளின் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.
இது காரணம் இல்லை.
நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழாம் நம்பர் காற்றாலை, எண்பது மீட்டர்.
உதவியாள் பெல்ட் வாங்கக் குடிமங்கலம் போயிருந்தான்.
போன் கீழே வண்டிப் பெட்டிக்குள்.
இறங்கும் மூடியின் கைப்பிடி
முறிந்து அவர் கையோடு வந்துவிட்டது.

"ஏழாம் நம்பர், கேக்குதுங்களா?"
அறையிலிருந்து மல்லீஸ்வரி.
"கேக்குதுங். மூடி மாட்டிக்கிச்சுங்."
"ஏழாம் நம்பர், இருக்கீங்களா?"
"இருக்கேனுங்."
"ஏழாம் நம்பர்?"
முக்கால் மணி நேரம்
ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறார்.
எல்லா 'ங்'கும் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.
நான் போடாமல் விட்டது ஒன்றுதான்.

அவள் மேசையில் பச்சை எரிந்தது, அணைந்தது.
நார் மில்லுக்காரங்க லோடு ஏத்துறாங்க போல,
என்று டீயை முடித்தாளாம்.
பிறகு, ஏனென்று அவளுக்கே தெரியவில்லை,
பக்கவாட்டு பொத்தானை அழுத்தினாள்.
அதை அழுத்தினால் செட் 'ம்' கேட்காது,
வந்தவரையெல்லாம் உள்ளே விடும்.

இரைச்சலோடு அவர் குரல்.
உதவி கேட்டு ஓய்ந்திருந்தார்.
"அந்த ஓட்டு வூட்டுக்காரரு மோட்டாரை நிறுத்தலீங்.
தொட்டி ரொம்பி ரோட்டுல போகுதுங்.
அரை மணியா போகுதுங்.
யாராச்சும் சொல்லுங்."

ஆள் போய் மூடியை உடைத்து இறக்கினார்கள்.
இறங்கியதும் முதலில்
அந்த மோட்டாரை நிறுத்தத்தான் போனாராம்.
என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.
செட்டை மேசையில் வைத்து
"பேசிப் பாத்துருங்" என்றார், அவ்வளவுதான்.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

இப்போது மல்லீஸ்வரி
பச்சை எரியும்போதெல்லாம் அழுத்திவிடுகிறாள்.
மஞ்சி விலை, டிரைவரின் மாமியார்,
வராத லாரி, எல்லாம் கேட்கிறதாம்.
பேட்டரி நிற்பதில்லை என்று
போன வாரம் செட்டைக் கொண்டுவந்தாள்.
பேட்டரியை மாற்றினேன்.
பொத்தானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.