பையின் எடை

தண்ணீரில் எந்த உயிரும் இல்லாமல் பார்ப்பது என் வேலை.
ஏரியிலிருந்து குழாய் இழுத்து வருவதை
வடிகட்டி, குளோரின் இட்டு,
மணிக்கொரு தரம் அளவைக் குறித்து
சட்பரி நகரம் பயமில்லாமல் பல் துலக்க
அனுப்பி வைக்கிறேன்.
பதினொரு வருடம். ஒரு புகார் இல்லை.

வீட்டுக்கு வந்ததும்
அதே தண்ணீரை வாளியில் பிடித்து
நிலக்கீழ் அறையில் ஓர் இரவு திறந்து வைக்கிறேன்,
நான் இட்டது
நான் பார்க்காத நேரத்தில் பறந்து போகட்டும் என்று.

நான்கு துணிப்பைகள்.
வீட்டுக்கு நான்கு செடி என்கிறது சட்டம்.
வதனிக்குப் பூச்செடி போதும்;
இது தூக்கம் கெட்ட எனக்கு,
மாறி மாறி வரும் இரவுக் கடமை
கண்ணுக்குள் மணலாய் விட்டுப்போனதற்கு.

உயிருள்ள மண் என்று மூட்டையில் எழுதியிருந்தது.
மண்புழு எரு, மக்கிய இலை, கடற்பாசித் தூள்,
கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூல்.
அரிசி மூட்டையோ சிமெந்து மூட்டையோ
என்னை இப்படிப் பொறுப்பாளி ஆக்கியதில்லை.

விதைத்தோட்டைத் தலையில் தொப்பியாய்க் கவிழ்த்தபடி
முளைத்து வந்தன கஞ்சாக் கன்றுகள்.
முதல் இரண்டு இலை வழுவழுப்பு.
அடுத்த இரண்டில்தான் ரம்பப் பல்.

பத்தாம் நாள்
கழுவிக் கொடியில் போட்ட கையுறைகள் போல
இலைகள் தொங்கின.
தாகம் என்று நினைத்தேன்.
வேறென்ன நினைப்பான் தண்ணீர்க்காரன்?
ஊற்றினேன்.
மறுநாளும் தொங்கின.
இன்னும் ஊற்றினேன்.

நுனிகள் உள்வளைந்து பருந்தின் நகமாயின.
கீழிலை மஞ்சளாய் வெளிறியது.
மண்ணின் மேல் பச்சைப் பாசி படர,
தொட்டால் எழும்பும் குட்டிக் கறுப்பு ஈக்கள்.
பசையட்டையில் ஒட்டியவற்றை வதனி எண்ணினாள்.
"முப்பத்தேழு."
"சாப்பிடும்போது சொல்லாதே."
"முப்பத்தெட்டு."

இடைவேளையில் ரெஜான் கேட்டான்,
"தூக்கிப் பார்த்தாயா?"
"எதை?"
"பையை."
அதற்குப் பிறகு ஹொக்கி பற்றித்தான் கதைத்தான்.

தூக்கினேன்.
காரில் தூங்கிப்போன பிள்ளையை
வீட்டுக்குள் கொண்டுபோகும் கனம்.
வேர்களுக்கு மூச்சு முட்டியிருந்தது.
ஒவ்வொரு மாலையும் குவளையோடு போய்
அன்பென்று நான் செய்தது அது.

ஊற்றாமல் இருப்பதை
எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
நாளுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சிறிய மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
வாளித் தண்ணீரில் வதனி
சட்டி கழுவினாள்.

மூன்றாம் பை எழும்பவில்லை.
அடித்தண்டு நூலாய் இறுகி, மடிந்து சாய்ந்தது.
நறுக்கி, அந்த மண்ணிலேயே போட்டேன்.
நான்கு நாளில் அதன்மேல் வெள்ளை நூல் பின்னியது.
மண் சாப்பிடத் தொடங்கியிருந்தது.

இந்த ஊர்ப் பாறைகள்
ஒரு காலம் உருக்காலைப் புகையில் கரியாய்க் கிடந்தன.
மாணவியாய் இருந்த ரெஜானின் அக்கா
கோடை முழுக்கச் சுண்ணாம்பு மூட்டை சுமந்து
கையால் தூவினாளாம்.
பேருந்து ஜன்னலில் இப்போது பேர்ச் மரங்கள் ஓடுகின்றன.
பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

ஏழாம் நாள்
பை பாண் பொதிபோல் எழுந்து வந்தது.
ஒரு குவளை.
தண்டை விட்டுத் தள்ளி, ஓரமாய், சுற்றிச் சுற்றி.
மண் குடிக்கும் சத்தம்
தானியப் பொரியில் பால் விட்டதுபோல் மெல்ல நொறுங்கியது.
ஏரிக்கரையில் மழை விட்ட வாசனை
ஹீற்றர் காற்றில் ஏறி மாடிக்குப் போனது.
"என்னது?" என்றாள் வதனி மேலிருந்து.

மறுநாள் மூன்று செடியும்
இலைகளை விளக்கை நோக்கி ஏந்தி நின்றன.
வெளிறிய கீழிலை வெளிறியபடியே.
அது இனிப் பச்சையாகாது.
மேலே ஐந்து விரலோடு புதிது.

இப்போது வேலையில்
எதைத் தொட்டாலும் தூக்கிப் பார்க்கிறேன்.
சாப்பாட்டுப் பெட்டி. சாவிக்கொத்து.
அதிகாலை மூன்று மணிக்கு ரெஜானின் கோப்பிக் குவளை.
"பாதிதான் இருக்கிறது" என்றேன்.
"ஊற்றிவிடாதே" என்றான்.