நிலைக்கட்டணம்

அண்ணன் குலேந்திரன் தையில் செத்தான்.
அந்த மாதம் எங்கள் வீட்டு மீற்றரையும்
நான்தான் வாசித்தேன்:
இருநூற்றுப் பதினாறு அலகு.
வழக்கத்தில் எழுபது தாண்டாது.
பந்தல் விளக்கு, விடிய விடிய முற்றத்து வெளிச்சம்,
ஓயாத கேத்தில், ஆரோ இரவல் தந்த ஐஸ்பெட்டி.
செத்தவீடு கரண்டைக் குடிக்கும்.
பதினெட்டு வருசமாய் இதுதான் வேலை,
எனக்குத் தெரியும்.

காடாத்து முடிந்த மறுநாள்
அவன் சைக்கிள் பெல்லை ஒருக்கால் அடித்துப் பார்த்து
அழுதேன்.
எட்டுச் செலவன்று
ஒரே ஆட்டை அவன் இரண்டு பேருக்கு விற்ற கதையை
மச்சான் எடுத்துவிட,
வாயில் வடையோடு சிரித்துப் புரைக்கேறி
அப்படியே திரும்பவும் அழுதேன்.
சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில்
படலை ஏதும் இருக்கவில்லை.
பண்ணைப் பாலத்துக் காற்றுப்போல அந்தக் கவலை.
சைக்கிளைச் சரிக்கப் பார்க்கும்.
பாலம் முடிய விட்டுவிடும்.

ஆடியில் ஒன்றும் நடக்கவில்லை.
அதைத்தான் சொல்ல வருகிறேன்,
ஒன்றும் நடக்கவில்லை.
மகள் சாகித்தியாவுக்கு ஓ.எல். எட்டு ஏ.
வங்கிக் கடன் முடிந்தது.
கிணறு வற்றவில்லை.
தர்மினி கறுத்தக்கொழும்பான் வெட்டித் தந்தாள்.
இனிப்பு என்று தெரிந்தது.
இனிக்கவில்லை.

மூன்று மணிக்கே கண் திறந்துவிடும்.
கட்டிலில் இருந்து சப்பாத்து வரைக்கும் போவது
நெடுந்தீவுக்குப் போவதுபோல.
அடுத்த வள்ளம் எப்போதென்று
ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கொண்டாவிலில் ஒரு நாய்,
மாதாமாதம் என்னைக் கடிக்கவென்றே பிறந்தது.
அன்றைக்கு அந்தக் கேற்றடியில் நின்றேன்.
மணியடிக்கக் கை எழவில்லை.
குரைத்துக் குரைத்துக் களைத்து
நாய் படுத்துவிட்டது.
அதற்குப் பிறகும் நின்றேன்.

எங்கள் பக்கம் பூட்டின வீடுகள் கனக்க.
ஆட்கள் கனடாவில்.
மீற்றர்ச் சில்லு அசையாது,
நிலைக்கட்டணம் மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறும்.
என்னுடையதும் அப்படித்தான்.
ஒரு வித்தியாசம்,
ஆள் உள்ளேதான் இருந்தேன்.

"அண்ணையை நினைக்கிறியளோ?" என்றாள் தர்மினி.
சுவரில் அவன் படத்தைப் பார்த்தேன்.
படமாய்த்தான் இருந்தது.
அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது,
இல்லை, பயம்கூட வரவில்லை.
வரவேண்டும் என்று நினைத்தேன்.

நூல் கட்டினார்கள்.
நாலு பேரோடை கதை என்றார்கள்.
உனக்கென்ன குறை என்று எண்ணிக் காட்டினார்கள்.
அவர்களுடைய கணக்கு சரி.

தெல்லிப்பழையில் டொக்டர்,
மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசுதான் மூத்தவ.
எதுக்குக் கவலை என்று அவ கேட்கவில்லை.
எத்தனை கிழமை? பசிக்குதோ? நித்திரை?
ஆரும் பகிடி விட்டால் சிரிப்பு வருதோ?
கடைசியாய் ஒன்று கேட்டா.
மேலே சுற்றிய ஃபானைப் பார்த்தேன்.
எழுபத்தைந்து வாட்.
அவ காத்திருந்தா.
"ஓம்," என்றேன்.
என்னுடைய எண்ணை வாசித்து
கொப்பியில் எழுதினா.
"இது வருத்தம் ஐயா. பிரஷர், சலரோகம் மாதிரி
ஒரு வருத்தம்."

குளிசை முதலில் வாயைத்தான் காயவைத்தது.
டோஸைக் கூட்டினா.
ஆறாம் கிழமையோ ஏழாம் கிழமையோ
கொண்டாவில் நாய்க்குப் பயந்து
ஒரு அடி பின்னுக்கு வைத்தேன்.

ஐப்பசி. பலாலி வீதியில் மழை விட்டிருந்தது.
பின்னால் ஒரு சைக்கிள் பெல்,
அச்சாய் அவனுடையது.
விலத்தி வழி விட்டேன்.
ஒரு பொடியன் ரியூசனுக்குப் போனான்.
மதகில் இருந்து
ஒன்பது மாதத்துக் கண்ணீரையும் அழுதேன்,
றீடிங் கொப்பி நனைய.

ஒரு ஓட்டோக்காரன் நிப்பாட்டி
தண்ணிப் போத்தலை நீட்டினான்.
பெற்றோல் மணத்தது.
மணத்தது!

"என்னண்ணை, வருத்தமோ?"

"இல்லைத் தம்பி," என்றேன்,
"கவலை."