படிவத்தில் மூன்று கட்டங்கள்

நிலம். தொழில். காணத் தக்கவை.
வியாழனுக்குள் வேண்டும் என்றார் அலுவலர்.
செமெராவின் மின்விசிறி
சூட்டை ஒரு மூலையிலிருந்து எடுத்து
இன்னொரு மூலையில் வைத்துக்கொண்டிருந்தது.

முதல் கட்டத்தில் எழுதினேன்:
கடல் மட்டத்துக்குக் கீழே நூற்றுச் சொச்சம் மீட்டர்.
அவாஷ் ஆறு மேட்டுநிலத்தில் பிறந்து
கரும்புக்கும் பருத்திக்கும் கொடுத்தது போக
மிச்சத்தோடு அப்பே ஏரியில் நின்றுவிடும்,
கடலைப் பார்க்காமலே.
உப்புச் சப்பில்லாத வாக்கியம். அடித்தேன்.
வேறு தோன்றாமல் அதையே திரும்ப எழுதினேன்.

அப்போது யாயோ வந்தான், பெராஹிலேயிலிருந்து,
லாரிச் சாவியை விரலில் சுழற்றியபடி.
அஃபார்கள் இருவர் சந்தித்தால்
முதலில் சேதி. டாகு என்போம்.
அவசரப்படாமல் உட்கார்ந்து
கண்டது எது, கேட்டது எது என்று
பிரித்துச் சொல்ல வேண்டும்.
கலந்து சொன்னவன் வார்த்தையை
அடுத்த கிணறு வரைகூட எவரும் சுமக்கமாட்டார்.

கண்டது, என்றான்:
அஸ்ஸாலே உப்புப் பரப்பில்
கழியால் நெம்புகிறவர்கள் நாலு பேர்,
பாளத்தைச் செதுக்கிச் சதுரமாக்க ஒருவன்.
ஒட்டக வரிசை முன்பு போல் நீளமில்லை.
அதற்கு என் லாரியும் ஒரு காரணம்.
கேட்டது: சந்தையில் விலை விழுந்துவிட்டதாம்.
"உப்பே இப்போது உப்புக்குப் பெறாது, போ."

கண்டது: எர்ட்டா அலே மலைமேல்
நெதர்லாந்துக்காரி ஒருத்தி
கழன்ற செருப்பின் அடியைக் கையில் பிடித்து
அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.
தீ?
"நான் கண்டது புகை. தீ, கேட்டது."

பிறகு என் முறை.
ஒன்பது வருடமாக இந்த மேசை.
டல்லோலின் மஞ்சள் குளங்களைப் பற்றி
நாலு கையேட்டில் எழுதிவிட்டேன்,
காலண்டர் படத்தைப் பார்த்து.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கண்டது, என்றேன்:
மகள் மோமினாவுக்கு முன்பல் விழுந்தது.
ஆற்றோர மேய்ச்சலில் சீமைக்கருவேலம்
இன்னும் உள்ளே வந்துவிட்டது;
அதன் நெற்றைத் தின்று தின்று
கதீஜா வீட்டு வெள்ளாடுகளுக்கும் பல் போகிறது.
கேட்டது: நம் காலடியில் பூமி பிளக்கிறதாம்.
கடல் ஒருநாள் திரும்பி வருமாம்.

"எப்போது?"
பல லட்சம் ஆண்டு ஆகும் என்கிறார்கள்.
"அப்படியென்றால் வியாழனுக்குள் இல்லை"
என்று எழுந்தான்.

போகும்போது, தாள் பறக்காமல் இருக்க,
சட்டைப்பையிலிருந்து ஓர் உப்புத் துண்டை எடுத்துப்
படிவத்தின் மேல் வைத்தான்.
சாம்பல் நிறம். ஒரு பக்கம் கோடரித் தழும்பு.
மூன்றாம் கட்டம் முழுவதும் அதன் அடியில்.

நாளை வியாழன்.
நான் இன்னும் அதை நகர்த்தவில்லை.